டேஷ்கேமை ஃபியூஸ் பெட்டியில் இணைப்பது: எந்த ஃபியூஸ், எந்தக் கால், எத்தனை வோல்ட்?

கேள்வி சுருக்கமாக இதுதான். முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று என இரட்டை டேஷ்கேம் (காரில் இருந்தபடி சாலையைப் பதியும் கேமரா) வாங்கியாயிற்று. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகி ஓட்டினால் வயர் கியர் லீவரில் மாட்டுகிறது. சாவியைத் திருப்பி அணைத்ததும் கேமராவும் அணைந்துவிடுகிறது. வண்டி நிற்கும்போதும் பதிவாக வேண்டுமென்றால் ஃபியூஸ் பெட்டியிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்க வேண்டும் என்கிறார்கள். அதை நாமே செய்யலாமா, பேட்டரி இறங்கிவிடாதா, ஏர்பேக்குக்கு ஏதும் ஆகிவிடாதா?

நாமே செய்யலாம். ஒரே நிபந்தனை, கையில் வோல்ட்டும் ஓமும் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் இருக்க வேண்டும். இந்த வேலையில் முக்கால் பங்கு, வயரைப் பிளாஸ்டிக்குக்கும் துணிக்கும் பின்னால் ஒளித்துவைப்பது. அதற்குப் பொறுமை போதும். மின்சாரம் சம்பந்தப்பட்டது மூன்றே வயர். ஆனால் தவறு நடப்பதெல்லாம் அந்த மூன்று வயரில்தான். காரணம், ஃபியூஸ் பெட்டியின் மூடியில் ஒட்டியிருக்கும் படத்தை அப்படியே நம்பிவிடுவது. எந்த ஃபியூஸ் எதற்கு என்று அந்தப் படம் சொல்லும். அதில் எப்போது மின்சாரம் வரும், இரண்டு கால்களில் எந்தக் காலுக்கு வரும், வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் ஆன பிறகும் இருக்குமா என்றெல்லாம் சொல்லாது. அதை மீட்டரிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் ஹார்ட்வயர் கிட். கையடக்கமான சிறு பெட்டி. ஒரு பக்கம் மூன்று வயர், மறுபக்கம் கேமராவில் செருகும் பின். வண்டியின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுப்பதும், பேட்டரி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் தானே துண்டித்துக்கொள்வதும் அதன் வேலை. உங்கள் கேமராவைத் தயாரித்த நிறுவனத்தின் கிட்டையே வாங்குங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். செருகும் பின் ஒரே மாதிரி இருந்தாலும், ‘வண்டி அணைந்துவிட்டது, பார்க்கிங் பதிவுக்குப் போ’ என்ற சைகையைக் கேமராவுக்குச் சொல்லும் முறை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அடுத்தவருடைய கிட்டைப் போட்டால் கேமராவில் விளக்கு எரியும், ஓடும், பார்க்கிங் பதிவு மட்டும் வரவே வராது. இன்னொன்று: சில கேமராக்கள் 5 வோல்ட்டுக்குப் பதில் நேராக 12 வோல்ட்டையே வாங்கிக்கொள்ளும். ஒன்றின் வயரை மற்றதில் செருகினால் கேமரா போய்ச்சேரும்.

மூன்று வயரில் கறுப்பு எர்த். மஞ்சள், எப்போதும் மின்சாரம் இருக்கும் ஃபியூஸுக்கு. சிவப்பு, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸுக்கு. அதை ஏசிசி என்பார்கள். நிறம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், ஆனாலும் வயரின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். கேமராவுக்கான உணவு மஞ்சள் வழியாகவே போகிறது. சிவப்பு வெறும் தகவல் சொல்லும் வயர்: வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா. இதைப் புரிந்துகொண்டால் பிற்பாடு எந்தக் கோளாறையும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். சாவியை எடுத்ததும் கேமரா முழுதாக அணைந்துவிடுகிறதா? மஞ்சளும் தவறுதலாக ஏசிசி ஃபியூஸில் இருக்கிறது. வண்டியை அணைத்தும் கேமரா பகலில் ஓடுவது போலவே முழுவேகத்தில் பதிந்துகொண்டிருக்கிறதா? சிவப்பும் நிரந்தர ஃபியூஸில் இருக்கிறது. வண்டி ஓடும்போதே பார்க்கிங் பதிவு என்று திரையில் காட்டுகிறதா? சிவப்புக்கு மின்சாரமே வரவில்லை.

இரண்டு கேமராவும் சேர்ந்து எடுக்கும் மின்சாரம் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. ஓடும்போது 5 முதல் 10 வாட். 12 வோல்ட்டில் அது 1 ஆம்பியரைத் தாண்டாது. ஆகவே கேமராவுக்கென்று போடும் ஃபியூஸ் 2 அல்லது 3 ஆம்பியர் போதும். கிட் செய்தவர் ஓர் அளவைச் சொல்லியிருந்தால் அதையே போடுங்கள். ‘கிடைத்தது 15தான், போட்டுவிட்டேன்’ என்றால், தலைமயிரை விடச் சற்றே தடித்த அந்த வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆகும்போது ஃபியூஸுக்கு முன்னால் வயர் உருகும்.

இப்போது ஃபியூஸைத் தேடுவோம். தொடவே கூடாதவை: ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் கம்ப்யூட்டர், ஸ்டியரிங், எரிபொருள் பம்ப், பிரேக் விளக்கு. அங்கே ஒரு தளர்ந்த இணைப்பு என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. சிவப்புக்கு லைட்டர் சாக்கெட், ரேடியோ, பின் வைப்பர் போன்றவை நல்லவை. மஞ்சளுக்கு ஹசார்ட் விளக்கு, கதவுப் பூட்டு, மின்சார இருக்கை. உள்விளக்கும் நிரந்தர மின்சாரம்தானே என்று பலர் அதில் போடுவார்கள். நானும் போட்டேன். மீட்டர் 12.5 காட்டியது, கேமரா ஓடியது, பிளாஸ்டிக்கையெல்லாம் மூடிவிட்டுத் திருப்தியாகப் படுத்தேன். காலையில் பார்த்தால் இரவில் பத்தே நிமிடம்தான் பதிவாகியிருந்தது. விளக்கை யாராவது மறந்து எரியவிட்டால் பேட்டரி காலியாகக் கூடாதே என்று, பூட்டிய சிறிது நேரத்தில் அந்தச் சுற்றையே வண்டி அணைத்துவிடுகிறது. நல்ல ஏற்பாடுதான், என் கேமராவைத்தான் சேர்த்துக் கொன்றது.

அதனால் சோதனையை மூன்று நிலையில் செய்யுங்கள். சாவி இல்லாமல் ஒரு முறை; சாவி போட்டு ஒரு முறை; பூட்டிவிட்டு அரை மணி நேரம் கழித்து ஒரு முறை. மூன்றாவதுதான் தந்திரமானது, ஏனென்றால் கதவைத் திறந்தால் வண்டி விழித்துக்கொள்ளும். ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கதவின் விளிம்பில் இருக்கும் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் ‘டக்’ ‘டக்’ என இரண்டு முறை அழுத்தி மூடுங்கள். கதவு சாத்திவிட்டது என்று வண்டி நினைத்துக்கொள்ளும். பூட்டிவிட்டு ஒரு காப்பி குடித்து வந்து, மீட்டரின் முனையை ஃபியூஸின் தலையில் தெரியும் சிறு உலோகப் புள்ளியில் வையுங்கள். வோல்ட் இன்னமும் இருந்தால் அதுதான் உங்கள் மஞ்சள் வயருக்கான இடம். வேலை முடிந்ததும் பூட்டைத் திறந்து, கைப்பிடியை இழுத்து அந்தக் கொக்கியை விடுவித்த பிறகே கதவைச் சாத்த வேண்டும். மறந்து ஓங்கிச் சாத்தினால் கொக்கியும் தூணில் இருக்கும் வளையமும் மோதி இரண்டும் கெடும்.

சோதனைக்கு இழைவிளக்கு வைத்த பழைய டெஸ்ட் லேம்ப் வேண்டாம். அது இழுக்கும் மின்சாரம் மென்மையான எலெக்ட்ரானிக் சுற்றுகளுக்கும் ஏர்பேக்குக்கும் ஆகாது. மல்டிமீட்டர் எதையும் இழுக்காமல் பார்த்துச் சொல்லும்.

கிட்டின் வயரை ஃபியூஸின் காலில் சுற்றி அமுக்கிச் செருகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள், ஃபியூஸின் காலைப் பிடித்திருக்கும் கவ்வி விரிந்துபோனால் பிறகு எந்த ஃபியூஸும் இறுக்கமாக நிற்காது. ஃபியூஸ் டேப் என்றே ஒரு பொருள் இருக்கிறது. ஃபியூஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைச் செருக வேண்டும். இதில் இரண்டு அறைகள். கால்களுக்கு ஒட்டிய அறையில் பழைய ஃபியூஸ், மேல் அறையில் கேமராவுக்கான ஃபியூஸ். வாங்கும்போது அளவு பார்த்து வாங்குங்கள். ஃபியூஸில் ஸ்டாண்டர்டு, மினி, லோ புரொஃபைல் மினி, மைக்ரோ 2 என்று பல உடல்வாகு உண்டு. மினியும் லோ புரொஃபைலும்தான் ஆளை ஏமாற்றும்: அகலம் ஒன்றே, ஆனால் மினியின் கால்கள் பிளாஸ்டிக்குக்குக் கீழே நன்றாக நீட்டிக்கொண்டிருக்கும், லோ புரொஃபைலில் கால்கள் பிளாஸ்டிக்கோடு முடிந்துவிடும். மைக்ரோ 3 என்று மூன்று கால் ஃபியூஸ் இருந்தால் அந்த இடத்தை விட்டு வேறு இடம் பாருங்கள்.

டேப்பை எந்தப் பக்கம் திருப்பிச் செருகுவது என்பதில்தான் அனுபவசாலிகளும் அசட்டையாக இருக்கிறார்கள். எப்படிச் செருகினாலும் கேமரா ஓடும். அதனால் தவறு வெளியே தெரியாது. ஃபியூஸை எடுத்த பள்ளத்தில் இரண்டு கவ்விகள் இருக்கும். ஒன்று பேட்டரியிலிருந்து வருவது, மற்றது ரேடியோவுக்கோ வைப்பருக்கோ போவது. டேப்பின் இரண்டு கால்களில் ஒன்றுதான் இரண்டு அறைகளுக்கும் பொதுவானது. அந்தப் பொதுக்கால் பேட்டரியிலிருந்து வரும் கவ்வியில் அமர வேண்டும். அப்போது மின்சாரம் பொதுக்காலில் ஏறி இரண்டாகப் பிரிந்து, ஒரு பங்கு பழைய ஃபியூஸ் வழியாக ரேடியோவுக்கும் மறு பங்கு புதிய ஃபியூஸ் வழியாகக் கேமராவுக்கும் போகும். திருப்பிச் செருகினால், கேமராவின் மின்சாரமும் முதலில் பழைய ஃபியூஸைக் கடந்துதான் வர வேண்டும். இரண்டின் சுமையும் அந்த ஒரே ஃபியூஸின் தலையில். ரேடியோ ஃபியூஸ் போனால் கேமராவும் போய்விடும்.

சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. டேப்பைச் செருகி, கேமரா ஓடும்போது கீழ் அறையிலிருக்கும் பழைய ஃபியூஸை மட்டும் பிடுங்குங்கள். கேமரா தொடர்ந்து ஓடினால் திசை சரி. அணைந்தால் டேப்பை எடுத்துத் திருப்பிப் போடுங்கள். சில பெட்டிகளில் பக்கத்து ஃபியூஸ் இடித்துத் திருப்பவே முடியாது. அப்போது வேறு ஃபியூஸைத் தேர்ந்தெடுப்பதே மேல். டேப்பின் வால் வயரில் கிட்டின் வயரைச் சேர்க்கும் இடத்தைச் சரியான கிரிம்பிங் இடுக்கியால் அழுத்தி, பிறகு பலமாக இழுத்துப் பாருங்கள். பல்லால் கடித்தும் சாதா இடுக்கியால் நசுக்கியும் செய்த இணைப்பு நடுவழியில் கழன்று, ‘கேமரா அவ்வப்போது அணைந்து எரிகிறது’ என்ற புகாராகத் திரும்பி வரும்.

எர்த் விஷயம் சுலபம் போலத் தெரியும், ஆனால் அரைகுறைக் கோளாறுகளுக்கெல்லாம் ஊற்று அதுவே. வண்டியின் இரும்பு உடலில் நேராக இறங்கும் போல்ட் வேண்டும். பிளாஸ்டிக்கைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ உதவாது. பெயிண்ட் பூசிய இடமும் உதவாது. மீட்டரை ஓம் அளவில் வைத்து, அந்த போல்ட்டுக்கும் வண்டியின் வேறொரு நல்ல எர்த்துக்கும் இடையே பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். கனமான கறுப்பு வயர் ஏற்கெனவே இறங்கியிருக்கும் போல்ட் கிடைத்தால் யோகம், ஆனால் அது ஏர்பேக் கம்ப்யூட்டருக்கானதாக இருக்கக் கூடாது. பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே நேராக மாட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். புதிய வண்டிகள் பலவற்றில் அந்த முனையின் மேல் ஒரு சென்சார் உட்கார்ந்து, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கணக்குப் பார்க்கிறது. நீங்கள் அதற்குப் பின்னால் மாட்டினால் கேமரா குடிப்பது கணக்கில் வராமல் போகும். பாடி எர்த்தே சரி.

அடுத்து, எல்லாருக்கும் பயம் தரும் பேட்டரி. சாதாரண ஈய அமில பேட்டரி முழுதாக நிரம்பி, சில மணி நேரம் ஓய்வில் இருந்தால் 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். எண்ணில் பார்த்தால் அரை வோல்ட்டு வித்தியாசம். உள்ளே பாதிக்கு மேல் தீர்ந்துபோன நிலை. கிட்டில் 11.8, 12.0, 12.2, 12.4 என்று துண்டிக்கும் அளவைத் தேர்ந்தெடுக்க ஒரு சிறு ஸ்விட்ச் இருக்கும், அல்லது கேமராவின் மெனுவில் இருக்கும். கடையிலிருந்து வரும்போது அது பெரும்பாலும் தாழ்ந்த அளவில் இருக்கும். அதிக நேரம் பதிவாகும் என்று பெட்டியில் போட்டுக்கொள்ள வசதி. 11.8-ல் விட்டால் கேமரா உங்களுக்கு முழு இரவையும் பதிந்து கொடுத்து, காலையில் செல்ஃப் எடுக்காத வண்டியையும் கொடுக்கும். ஈய பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுளும் குறையும். நான் 12.2-க்குக் கீழே வைப்பதில்லை. பேட்டரிக்கு மூன்று வயதுக்கு மேல் என்றால் 12.4.

கணக்குப் போட்டே பார்ப்போம். அசைவைப் பார்த்துப் பதியும் முறையில் இரண்டு கேமராவும் விழித்தே இருக்க வேண்டும். 4 முதல் 5 வாட் என்று வைத்தால் 0.4 ஆம்பியர். பத்து மணி நேரத்துக்கு 4 ஆம்பியர் மணி. பேட்டரி 45 ஆம்பியர் மணி என்றால் இது பெரிதில்லை. இரண்டு நாள் வண்டியை எடுக்காவிட்டால் 19 ஆம்பியர் மணியைத் தாண்டிவிடும், ஏறக்குறைய பாதி. இதற்கு மேல் வண்டியின் கடிகாரம், அலாரம் போன்றவை தம் பங்குக்கு எடுப்பது தனி. தினமும் பத்து நிமிடம் மட்டும் ஓட்டுபவரின் நிலைமை இதைவிட மோசம். ஓடும் நேரத்தில் பேட்டரிக்குத் திரும்பி ஏறுவது இரவில் இறங்கியதை ஈடுகட்டாது. பேட்டரி நிரம்ப நிரம்ப சார்ஜை வாங்கும் வேகமும் குறைந்துகொண்டே போகும். அப்படிப்பட்டவர்கள், மோதினால் மட்டும் விழித்துக்கொள்ளும் முறைக்கு மாறலாம். மோதுவதற்கு முந்தைய சில நொடிகள் அதில் கிடைக்காமல் போகலாம், ஆனால் செலவு மிகச் சொற்பம். இரண்டும் வேண்டுமென்றால் டேஷ்கேமுக்கென்றே தனி லித்தியம் பேட்டரிப் பெட்டிகள் இருக்கின்றன: ஓடும்போது தன்னை நிரப்பிக்கொண்டு, நிற்கும்போது கேமராவுக்குக் கொடுக்கும், வண்டியின் பேட்டரியைத் தொடாது.

மின்சாரக் கார், ஹைப்ரிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆரஞ்சு நிறக் கேபிள் இருக்கும் பக்கமே போகாதீர்கள். அவற்றிலும் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கும், வேலை அதில்தான். அது லித்தியம் வகையாக இருந்தால் மேலே சொன்ன வோல்ட் கணக்கு பொருந்தாது. லித்தியம் பேட்டரியின் வோல்ட் கடைசிவரை பெரிதாக அசையாமல் நின்று, தீரும் தறுவாயில் சட்டென்று விழும். கிட் விழித்துக்கொள்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அங்கே வோல்ட்டை நம்பாமல், இத்தனை மணி நேரம் என்று நேரக் கணக்கில் அணையும்படி வைப்பதே பொருத்தம்.

இனி வயரை ஒளிக்கும் வேலை. முன் கேமராவின் வயர், முன் கண்ணாடியின் மேல் விளிம்பில் கூரைத் துணிக்குள் போய், பக்கத்துத் தூண் வழியாக இறங்கி, டேஷ்போர்டின் ஓரமாக ஃபியூஸ் பெட்டிக்கு வர வேண்டும். கூரைத் துணிக்குள் விரலால் தள்ளினாலே போகும். தூணில்தான் நிற்க வேண்டும். ‘ஏர்பேக்’ என்று அதன் மேல் எழுதியிருந்தால், பக்கவாட்டுத் திரை ஏர்பேக் அங்கே தொடங்குகிறது. கூரையின் ஓரம் முழுக்கச் சுருட்டி வைத்த பாய் போல அது பின்னால் வரை நீளும். விபத்தின்போது கண் இமைப்பதற்குள் விரிந்து, பிளாஸ்டிக்கை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு கீழே இறங்கும். அதன் பாதைக்குக் குறுக்கே உங்கள் வயர் கிடந்தால் ஏர்பேக்கைத் தடுக்கலாம், அல்லது வயரும் கேமராவும் முகத்தை நோக்கிப் பறக்கலாம். தூணின் பிளாஸ்டிக்கைக் கழற்றாமல் இடுக்கில் மட்டும் வயரைத் திணிப்பவர்களுக்கு வயர் ஏர்பேக்குக்கு முன்னால் கிடக்கிறதா பின்னால் கிடக்கிறதா என்பதே தெரியாது.

ஆகவே கழற்றுங்கள். முதலில் கதவோரத்து ரப்பர் பீடிங்கை இழுத்து விடுங்கள், கையோடு வந்துவிடும். பிறகு பிளாஸ்டிக்கை மேலிருந்து மெதுவாக வெளியே இழுங்கள். பாதி வந்ததும் ஏதோ பிடித்து நிறுத்துவது போல இருக்கும். அங்கே பலத்தைக் காட்டக் கூடாது. ஏர்பேக் விரியும்போது பிளாஸ்டிக் பறந்துவிடாமல் பிடித்துக்கொள்ள ஒரு வால் கிளிப் வைத்திருக்கிறார்கள். அதைக் குறட்டின் நுனியால் கால் சுற்று திருப்பியோ பக்கவாட்டில் நகர்த்தியோ விடுவிக்க வேண்டும். பல மாடல்களில் அந்த கிளிப் ஒருமுறைதான் பயன்படும். புதியது வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். உள்ளே பார்த்தால் ஏர்பேக்கின் சுருள் தெரியும், அதற்குப் பின்னால் இரும்பை ஒட்டி வண்டியின் சொந்த வயர்க்கட்டு ஓடும். உங்கள் வயரை அந்தக் கட்டோடு சேர்த்து, துணி டேப்பால் ஒரு சாண் இடைவெளியில் சுற்றுங்கள். ஏர்பேக்கோடு சேர்த்துக் கட்டவே கூடாது. வழியில் மஞ்சள் நிற கனெக்டர் தென்பட்டால் அது ஏர்பேக்குடையது. அதைக் கழற்றத் தேவையே இல்லாத வேலை இது. கழற்ற வேண்டி வருகிறது என்றால் வழி தவறிவிட்டீர்கள் என்று பொருள்.

பின் கேமராவுக்குப் போகும் கேபிளைப் பெரும்பாலானோர் கூரையின் ஓரமாகவே கொண்டுபோகிறார்கள். அங்கேயும் அதே திரை ஏர்பேக் நீளமாகப் படுத்திருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். கேபிளின் நீளம் அனுமதித்தால் நான் தரை வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன்: முன் தூணில் இறங்கி, கதவுப்படியின் பிளாஸ்டிக்குக்குள் வண்டியின் வயர்க்கட்டு போகும் பள்ளத்திலேயே ஓடி, பின் இருக்கையின் பக்கமாக ஏறி டிக்கிக்குப் போவது. கிட்டோடு வரும் கேபிள் பெரும்பாலும் 6 மீட்டர் அளவில் இருக்கும். கயிறு ஒன்றை அந்த வழியில் ஓடவிட்டு முதலில் அளந்து பாருங்கள். எல்லாவற்றையும் மூடிய பிறகு ஒரு முழம் போதவில்லை என்று தெரிவதைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை.

பின் கண்ணாடி உடலோடு நிலையாக இருக்கும் வண்டியில் வேலை இத்தோடு முடிந்தது. கண்ணாடி கதவோடு சேர்ந்து தூக்கும் வண்டியில்தான் சிரமம். உடலுக்கும் கதவுக்கும் நடுவே, விரல் தடிமனில் ஒரு மடிப்பு ரப்பர் குழாய் இருக்கும். வண்டியின் வயர்களெல்லாம் அதற்குள்தான் போகும். உங்கள் கேபிளும் அதற்குள்ளேதான் போக வேண்டும். வெளியே விட்டால் ரப்பர் பீடிங் நசுக்கும், மழை நீரும் கேபிளைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கும். குழாயின் இரண்டு முனையையும் அதன் பள்ளத்திலிருந்து பிடுங்கி, நீளமான கேபிள் டை ஒன்றைத் தலைகீழாக உள்ளே விட்டு மறுமுனையில் எடுங்கள். கேபிளின் பின்னை அதோடு டேப்பால் ஒட்டி, சோப்பு நீர் தடவி, ஒரு கை இழுக்க ஒரு கை தள்ளக் கொண்டுவாருங்கள். அவசரப்பட்டால் பின் உள்ளேயே சிக்கும். இதற்கு ஒரு மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை.

முதன்முறை செய்தபோது கேபிளை விறைப்பாக இழுத்துக் கட்டிவிட்டேன், பார்க்க அழகாக இருந்தது. நான்காவது மாதம் பின் கேமரா கண்ணடிக்க ஆரம்பித்தது. டிக்கியைத் தூக்கினால் படம் போகும், இறக்கினால் வரும். குழாயைப் பிரித்துப் பார்த்தபோது கீலுக்கு நேராக, மேலுறை நன்றாக இருக்க உள்ளே செம்பு மட்டும் முறிந்திருந்தது. கதவு முழுதாகத் திறந்திருக்கும்போது கேபிள் தளர்வாக இருக்க வேண்டும். அந்த நிலையில் வைத்துத்தான் இரு பக்கமும் கட்ட வேண்டும். கட்டிய பிறகு இருபது தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் பிளாஸ்டிக்கை மாட்டுங்கள்.

பின் கேமராவின் கேபிளில் தனியாக ஒரு சிவப்பு வயர் தொங்கிக்கொண்டிருந்தால் அதை எங்கே மாட்டுவது என்று குழம்பாதீர்கள். ரிவர்ஸ் கியர் போட்டதும் பின் படத்தைத் திரை நிறையக் காட்டுவதற்கானது அது. ரிவர்ஸ் விளக்கின் பாசிட்டிவோடு சேர வேண்டும். பின்னால் பார்க்கும் உள் கண்ணாடி வடிவ டேஷ்கேமில் அது பயன்படும். மற்றவற்றில் முனையை டேப்பால் சுற்றி ஒதுக்கிவிடலாம்.

கேமராவை ஒட்டும் இடம்: முன் கண்ணாடியில், பின்னால் பார்க்கும் உள் கண்ணாடிக்குப் பின்னே, ஓட்டுநர் கண்ணுக்குப் படாத பக்கம், வைப்பர் துடைக்கும் எல்லைக்குள். வண்டியிலேயே தடம் பார்க்கும் கேமராவும் மழை சென்சாரும் இருந்தால் அவற்றின் பார்வையை மறைக்கக் கூடாது. விளிம்பிலுள்ள கறுப்புப் புள்ளிகளின் மேல் ஒட்டும் டேப் சரியாகப் பிடிக்காது. பின் கண்ணாடியில் பனி நீக்கும் மெல்லிய கோடுகளின் மேல் ஒட்டினால், என்றாவது பிடுங்கும்போது கோடும் கூடவே வரும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, உலர்ந்ததும் ஒட்டி, ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள்.

வெயிலில் நிற்கும் வண்டிக்குள் டேஷ்போர்டின் மேற்பரப்பு 70 டிகிரி செல்சியஸைத் தொடக்கூடியது. எனவே நிறுத்தியும் பதிய வேண்டிய கேமராவில் லித்தியம் பேட்டரிக்குப் பதில் சூப்பர் கபாசிட்டர் (மின்சாரத்தைச் சிறிது நேரம் தேக்கிவைக்கும் உறுப்பு) இருப்பது முக்கியம். லித்தியம் வெப்பத்தில் உப்பும். மெமரி கார்டும் ‘ஹை எண்டியூரன்ஸ்’ வகையாக இருக்கட்டும். முன்புறம் நொடிக்கு 25 மெகாபிட், பின்புறம் 15 என்று பதிந்தால் மணிக்கு 18 ஜிபி எழுதப்படுகிறது. 128 ஜிபி கார்டு ஏழு மணி நேரத்தில் நிரம்பி மறுபடி முதலிலிருந்து அழித்து எழுதும். இந்த வேகத்தில் அழித்தழித்து எழுதினால் சாதாரண கார்டு சத்தமில்லாமல் செத்துப்போகும். கேமரா சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டே இருக்கும், உள்ளே ஒன்றும் பதிந்திருக்காது.

எல்லாம் முடிந்து ரேடியோவைப் போட்டால் ‘கொர்ர்’ என்று இரைச்சல் வருகிறதா? 12-ஐ 5 ஆகக் குறைக்கும் பெட்டி கிளப்பும் சத்தம் அது. கேமராவின் பின்னைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி உறுதி. பெட்டியை ஆன்டெனா வயரிலிருந்து தள்ளி வைத்து, கேபிளில் ஃபெரைட் வளையத்தை மாட்டினால் பெரும்பாலும் அடங்கும்.

கடைசிச் சோதனை ஓர் இரவு எடுக்கும். மாலையில் அரை மணி நேரமாவது ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் பேட்டரியில் மீட்டரை வைத்துக் குறித்துக்கொண்டு, பிறகு கார்டில் கடைசியாகப் பதிவான கோப்பின் நேரத்தைப் பாருங்கள். கேமரா விடியும்வரை ஓடி, பேட்டரியும் 12.4-க்கு மேல் இருந்தால் கை வைக்க வேண்டியதில்லை. நள்ளிரவிலேயே நின்றிருந்து, பேட்டரி மட்டும் 12.5 காட்டினால் இரண்டில் ஒன்று: நான் செய்த உள்விளக்குத் தவறு, அல்லது எர்த்திலோ ஃபியூஸ் டேப்பிலோ தளர்ந்த இணைப்பு வோல்ட்டைத் தின்கிறது. கிட்டுக்குள் மின்சாரம் நுழையும் முனையில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே அளந்து, அதைப் பேட்டரியில் வரும் அளவோடு ஒப்பிடுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் இணைப்புகளைத் திரும்பப் பாருங்கள். கிட் பார்ப்பது பேட்டரியின் வோல்ட்டை அல்ல, தன் காலடிக்கு வந்து சேரும் வோல்ட்டை.

எந்தெந்த ஃபியூஸில் ஃபியூஸ் டேப் போட்டிருக்கிறது, எத்தனை ஆம்பியர், எர்த் எந்த போல்ட்டில் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். கூடவே இரண்டு 2 ஆம்பியர் ஃபியூஸையும் ஒட்டும் டேப்பால் ஒட்டி வைக்கலாம். வண்டியைப் பழுதுபார்க்க விடும்போது மெக்கானிக் அந்தப் பெட்டியைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது, அவர் எதிர்பாராத உங்கள் வயராகத்தான் இருக்கும்.